ஏஐ அக்காவும் நாரி நோவும்

எங்கட இறுதி வருடப் புரொஜெக்ட்டில ஒரு அக்கா இருந்தா. வயது 47. கணவர் இல்லை, மூன்று பிள்ளைகள். வெங்காயத் தோட்டத்தில நாட்கூலிக்குப் போறவா. காலையில ஐந்து மணிக்கு எழும்பித் தேத்தண்ணி குடிச்சிட்டு ஆறு மணிக்குத் தோட்டத்தில நிற்பா. முதுகுவலி, முழங்கால் வலி. "எனது பணியை இலகுவாக்கும் ஒரு கருவி கிடைத்தால் எனது வாழ்க்கையே மாறிவிடும்" என்று சொல்லுவா. அவவின்ர படமும் எங்களிட்ட இருந்தது. மினுங்குகிற மூக்குத்தி, சிரிச்ச முகம், பின்னால பச்சைப் பசேலென்று ஒரு வயல்.

அவவில ஒரேயொரு குறைதான். அப்பிடி ஒரு ஆள் இல்லை.

நாங்கள் நாலு பேர். பொறியியல் படிக்கிறோம். "மனிதரை மையப்படுத்திய வடிவமைப்பு" என்று ஒரு பாடம் வந்தது. முதல்ல ஆளைப் பார், அவர் செய்யிற வேலையைப் பார், பிறகு ஒன்றைச் செய், செய்ததைக் கொண்டுபோய் அவரிட்டயே குடு, அவர் சொல்லுறதைக் கேட்டுத் திருத்து. பாடம் அவ்வளவுதான். இதுக்கு ஐஎஸ்ஓ 9241-210 என்று ஒரு சர்வதேசத் தரம்கூட இருக்கு. 2010 இல் வந்து 2019 இல் திருத்தப்பட்டது. கணினி சார்ந்த தொகுதிகளுக்காக எழுதினது என்றாலும், அதில சொல்லியிருக்கிறது மண்வெட்டிக்கும் பொருந்தும்: பாவனையாளர், அவரின் வேலை, அவர் இருக்கும் சூழல், இந்த மூன்றையும் தெளிவாக விளங்கிக்கொண்டு தொடங்கவேணும். தொடக்கத்திலிருந்து முடிவுவரை பாவனையாளர் கூட இருக்கவேணும்.

வாசிக்க நல்லாத்தான் இருந்தது. ஆனால் அதே கிழமை வேற ரெண்டு அசைன்மென்ட். தோட்டம் தோட்டமாகத் திரியிறதுக்கு ஆருக்கு நேரம்? நாங்கள் எடுத்த தலைப்பு, யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களில குந்தியிருந்து வெங்காயம் நடுகிற, புல்லுப் பிடுங்குகிற பெண்களுக்கு ஒரு கருவி. எங்களில ரெண்டு பேர் அந்தப் பக்கம்தான். சின்னனில இருந்து பார்த்த வேலைதானே, இதில என்ன கேக்கக் கிடக்கு என்று நினைச்சம். ஏஐயிட்ட "நீ ஒரு தோட்டக் கூலிப் பெண், நாங்கள் கேக்கிற கேள்விக்குப் பதில் சொல்லு" என்றோம். இருபது செக்கனில அக்கா பிறந்தா. பெயரும் அதுவே வைச்சது. எங்கட ஊரில ஒருத்தரும் வைக்காத பெயர். அதால எங்களுக்குள்ள "ஏஐ அக்கா" என்றே கூப்பிட்டோம்.

ஏஐ அக்கா அருமையான ஆள். எந்தக் கேள்விக்கும் சலிக்கமாட்டா. இரவு ஒரு மணிக்கும் பதில் சொல்லுவா. எங்களுக்கு என்ன பதில் தேவையோ கிட்டத்தட்ட அதையே சொல்லுவா. அவவுக்காக நாங்கள் ஒரு சில்லு வைச்ச இருக்கை வரைஞ்சம். நிலத்திலிருந்து ஒரு சாண் உயரம், நாலு சின்னச் சில்லு, மேல ஒரு குடை. அதில இருந்துகொண்டே உருட்டி உருட்டிப் பாத்தி முழுக்கப் போகலாம். கணினியில சுழட்டிச் சுழட்டிப் பார்க்க எங்களுக்கே ஆசையாக இருந்தது.

இடைக்கால மதிப்பீட்டில எங்கட விரிவுரையாளர் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. ஏஐ அக்காவின்ர படத்தைப் பார்த்துக் கேட்டார்: "இவ எந்த ஊர்?"

நாங்கள் நாலு பேரும் ஆளையாள் பார்த்தம்.

"சரி, இவவின்ர தோட்டத்துப் பாத்தி எவ்வளவு அகலம்?"

அதுவும் தெரியாது. அவர் ஏசேல்ல. "ஒருக்காப் போட்டு வாங்கோ" என்று மட்டும் சொன்னார்.

ஏஐ அக்கா ஏன் அப்பிடி இருந்தா என்று பிறகு யோசிச்சுப் பார்த்தம். இந்த மொழி மாதிரிகள் எழுதப்பட்ட எழுத்திலிருந்து படிச்சவை. எந்தச் சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வரும் என்று கணிக்கப் பழகினவை. கூலிக்குப் போற பெண்களைப் பற்றி இணையத்தில எழுதினது ஆர்? திட்ட அறிக்கை எழுதினவை, செய்தி எழுதினவை, எங்களை மாதிரி அசைன்மென்ட் எழுதினவை. அந்தப் பெண்கள் தாங்களாக எழுதினது எவ்வளவு இருக்கும்? ஆகவே ஏஐ அக்கா பேசினது அவவைப் பற்றி மற்றவை எழுதினதன் சராசரி. "வாழ்க்கையே மாறிவிடும்" என்று அறிக்கைத் தமிழ் அவவின்ர வாயில வந்தது அதாலதான்.

சராசரியைப் பற்றி ஒரு பழைய கதை இருக்கு. 1950 இல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளை அளந்தது, விமானி இருக்கிற அறையைத் திருத்தி வடிவமைக்கிறதுக்காக. கில்பேர்ட் டானியல்ஸ் என்ற இளைஞர் அதில பத்து அளவுகளை எடுத்துப் பார்த்தார்: உயரம், நெஞ்சு, கை நீளம் இப்பிடி. பத்திலயும் சராசரிக்குக் கிட்ட நிற்கிற விமானிகள் எத்தனை பேர் என்று எண்ணினார். விடை பூச்சியம். சராசரி விமானிக்குச் செய்த இருக்கையில இருக்க ஒரு விமானியும் இருக்கேல்ல. இருக்கையையும் மிதிப்பலகையையும் ஆளுக்கேற்ற மாதிரி நகர்த்தக்கூடியதாகச் செய்யவேணும் என்ற எண்ணம் வலுத்தது அதுக்குப் பிறகுதான். நாங்கள் இந்தக் கதையை வகுப்பில படிச்சு, சோதினையில எழுதி, புள்ளியும் வாங்கினனாங்கள். அதே செமஸ்டரில ஏஐ அக்காவையும் செய்தனாங்கள்.

போன அண்டைக்கு விடிய ஆறு மணிக்கே ஆறு பெண்கள் பாத்தியில குந்தியிருந்தவை. எங்கட கையில ஏஐ தந்த கேள்விக்கொத்து. முதல் கேள்வியை எங்களில ஒருத்தன் வாசிச்சான்: "உங்கள் பணியின்போது நீங்கள் எதிர்கொள்ளும் பிரதான சவால்கள் எவை?"

வயது போன அம்மா ஒராள் நிமிர்ந்து பார்த்தா. "சவாலோ? நாங்கள் ஆரோட தம்பி சவால் விட்டனாங்கள்?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சவை. எங்களுக்கும் சிரிப்புத்தான். தாளை மடிச்சு வைச்சிட்டுப் பக்கத்தில போய்க் குந்தினோம். ஐந்து நிமிசத்தில எங்கட சில்லு வைச்ச இருக்கை செத்துப்போச்சு. வெங்காயம் நாலு விரல் இடைவெளியில நட்டிருக்கு. சில்லு எங்க ஓடும்? வெங்காயத்துக்கு மேலதான் ஓடும். தண்ணி கட்டின பாத்தியில காலே புதையுது, இதில சில்லு. வரம்பைத் தாண்ட ஒவ்வொரு முறையும் எழும்பித் தூக்கவேணும். இதைக் கண்டுபிடிக்கப் பொறியியல் தேவையில்லை, ஒருக்கா எட்டிப் பார்த்திருந்தால் காணும்.

அவையிட்டக் கேட்டு, ஃபோனில மூன்று மணித்தியாலம் ஒலிப்பதிவு செய்துகொண்டு திரும்பினோம். மூன்று மணித்தியாலத்தையும் ஆர் இருந்து எழுதுறது? பேச்சை எழுத்தாக்கி, ஆங்கிலத்தில சுருக்கியும் தருகிற ஒரு கருவியில ஏத்தினோம். எங்கட அறிக்கை ஆங்கிலத்தில்தானே. பத்து நிமிசத்தில வடிவான அட்டவணை வந்தது. அதில ஒரு வரி: முதுகு, இடுப்பு வலி பற்றி ஒருவரும் குறிப்பிடவில்லை. போக்குவரத்து முக்கிய பிரச்சினை. கருவியின் உற்பத்தித்திறன் பற்றி ஆர்வம் காட்டினர்.

எங்கட குழுவில இருந்த ஒரே பெண்பிள்ளை அட்டவணையைப் பார்த்திட்டுச் சொன்னாள்: "பின்ன அந்த அம்மா ஏன் நாரியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவா?"

பதிவைத் திரும்பப் போட்டோம். அம்மாவின்ர குரல் தெளிவாக இருக்கு: "நாரி ஒரே நோ, பிள்ளை." கருவி அதை ஆங்கிலத்தில எழுதியிருந்ததைத் தமிழில திருப்பிச் சொன்னால்: "பெண். அதே. இல்லை. குழந்தை."

முதல்ல சிரிச்சம். வயிறு நோகச் சிரிச்சம். பிறகு சிரிப்பு அடங்கிப்போச்சு. அகராதியில நாரி என்றால் பெண்தான், பிழை சொல்ல ஏலாது. எங்களுக்கு நாரி என்றால் இடுப்புக்குப் பின்பக்கம். நோ என்றால் வலி, நோவெண்ணெய் தேய்க்கிறது அதுக்குத்தான். கருவிக்கு அது ஆங்கிலத்து "நோ". ஒரு மனிசி தன்ர உடம்பில எங்க நோகுது என்று சொன்னது, எங்கட அட்டவணையில "நோவு இல்லை" என்று பதிவாகியிருக்கு. அந்தப் பிள்ளை அண்டைக்கு வராமல் விட்டிருந்தால் நாங்கள் அதைத்தான் ஆய்வு முடிவாக எழுதியிருப்பம். இணையத்தில இருக்கிற தமிழில பெரும்பங்கு தமிழ்நாட்டுத் தமிழ். எங்கட தோட்டத்துத் தமிழ் அந்தக் கருவிக்கு அந்நிய பாசை. இதில எங்களை உலுப்பினது பிழை இல்லை, பிழை வந்த விதம். விளங்கேல்ல என்று அது சொல்லேல்ல. கோடு போட்டு, நிறம் தீட்டி, விளங்கின மாதிரித் தந்தது.

மூன்று மணித்தியாலத்தையும் காதால கேட்டு எழுத எங்களுக்கு ரெண்டு இரவு போச்சு. போக்குவரத்துப் பிரச்சினை எங்கயிருந்து வந்தது என்றும் தெரிஞ்சுது. "பேந்து குடிப்பம்" என்று ஆறு இடத்தில வருது. பேந்து என்றால் பிறகு. கருவி அதைப் பேருந்து ஆக்கிப்போட்டுது.

ஆனால் ஆறு தரம் ஏன் "பேந்து குடிப்பம்"? எங்களில ஒருத்தர் தண்ணிப் போத்தலை நீட்டின ஒவ்வொரு முறையும் அந்தப் பதில்தான். அந்த வெயிலுக்கு எங்களுக்கே நாக்கு வறண்டது.

இன்னொரு இடம். நாங்கள் கருவி ஒன்று செய்யப்போறதாகச் சொன்ன பிறகு ஒரு அக்கா கேக்கிறா, குரலைத் தாழ்த்தி, "அப்ப அந்த மிசின் வந்தா ஆறு பேரின்ர வேலையை மூண்டு பேர் செய்யலாமோ?" நாங்கள் உற்சாகமாக "ஓமக்கா, செய்யலாம்!" என்கிறோம். அதுக்குப் பிறகு பதிவில ஏழெட்டுச் செக்கன் ஒருத்தரும் கதைக்கேல்ல. கோழி ஒன்று கத்துறது மட்டும் கேக்குது. இதைத்தான் அட்டவணை "உற்பத்தித்திறன் பற்றிய ஆர்வம்" என்று எழுதியிருந்தது. ஆனால் அண்டைக்கு நேரில இருந்த எங்களுக்கும் அது கேக்கேல்லத்தானே. கருவியை மட்டும் குற்றஞ்சொல்லி என்ன?

அடுத்த கிழமை திரும்பப் போனோம். இந்த முறை ஒலிப்பதிவு இல்லை, கேள்வித்தாளும் இல்லை. போகும்போது ஒரு பயமும் இருந்தது. அவையிட்ட ஃபோனில பதியக் கேட்டனாங்கள், வெளியில உள்ள ஒரு கம்பனியின்ர கணினிக்கு அனுப்பக் கேக்கேல்ல. அந்தப் பதிவில ஒரு அக்கா தன்ர நுண்கடன் கதையைச் சொல்லியிருந்தா, எவ்வளவு நிலுவை, ஆர் வந்து வாசலில நிண்டது என்றெல்லாம். அதை மறைக்காமல் சொன்னோம். அக்கா ஒரு நிமிசம் யோசிச்சிட்டு, "இப்ப அழிச்சாச்சோ?" என்று கேட்டா. எங்கட ஃபோனில அழிச்சாச்சு, அங்கயும் அழிக்கச் சொல்லிக் குடுத்திருக்கு, ஆனால் அழிஞ்சுதோ என்று எங்களால சத்தியம் பண்ண ஏலாது என்றோம். "ம்" என்றா. அதுக்குப் பிறகு எங்களோட கதைச்சாதான், ஆனால் கடனைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கேல்ல.

பெண்பிள்ளை மட்டும் அவையோட பாத்தியில இருந்தாள். நாங்கள் மூன்று பேரும் அங்கால வரம்பு அளந்துகொண்டு நிண்டம். தண்ணி ஏன் குடிக்கிறேல்ல என்று அவளுக்குத்தான் சொன்னவை. தோட்டத்தில கக்கூஸ் இல்லை. கிட்ட உள்ள வீட்டில கேக்கலாம், ஒவ்வொரு நாளும் கேக்க ஏலாது. அதால மத்தியானம் வீட்டை போகும்வரை குடிக்கிறேல்ல. மூத்திரம் கடுக்கிறதும் தலையிடியும் எல்லாருக்கும் இருக்கு. ஏஐ அக்கா இதை எங்களுக்கு ஒருநாளும் சொல்லேல்ல. உண்மையைச் சொன்னால், நாங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பா. நாங்கள் கேக்கேல்ல, ஏனென்றால் எங்கட தலையில இருந்தது கருவி.

கூலிக் கதையும் வந்தது. 2021 இல் இரசாயன உரத்தோட புல்லு மருந்தும் இறக்குமதி செய்ய ஏலாது என்று அரசாங்கம் தடை போட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மே மாதம் வந்த தடையை நவம்பரில எடுத்தவை. விவசாயிகளுக்கு அது அழிவு, நாங்களும் அப்பிடித்தான் கேள்விப்பட்டிருந்தம். அந்த அம்மா சொன்னா: "மருந்து இல்லாத அந்த வருசம்தான் பிள்ளை, புல்லுப் பிடுங்க எங்களைத் தேடி வீட்டை வந்தவை." ஆறு பேரின் வேலையை மூன்று பேர் செய்கிற மெசின், அவவுக்கு இன்னொரு புல்லு மருந்து. மற்ற மூன்று பேரும் எங்க போறது?

அப்ப என்ன செய்யிறது? ஒன்றும் செய்யாமல் விடவும் ஏலாது, புள்ளி வேணும். நாரி நோவும் உண்மை. அவையிட்டயே கேட்டோம். பாத்திக்குள்ள விரலாலதான் பிடுங்கிறவை, அதில கை வைக்க விடமாட்டினம். வரம்பிலயும் வாய்க்கால் ஓரத்திலயும் உழவாரத்தால செருக்கிறவை. அந்த உழவாரத்தின்ர பிடிதான் பிரச்சினை என்று ரெண்டு பேர் கையை விரிச்சுக் காட்டினவை. பெருவிரல் அடியில காய்ப்பு. பிடி கட்டை, அதால இன்னும் குனியவேண்டியிருக்கு. நாரிக்கு அதுவும் ஒரு காரணம். உழவாரம் கூலிக்குப் போறவையின்ர சொந்தச் சாமான், தோட்டக்காரருடையது இல்லை. அதால அதைத் திருத்தினால் சுகம் அவைக்கு. ஆறு பேரை மூன்றாக்காது. சின்ன வேலைதான். எங்கட குடை வைச்ச சில்லு வண்டிக்குப் பக்கத்தில வைச்சால் சிரிப்பு வரும்.

(உழவாரம் என்று கேட்டு ஏஐயிட்டப் படம் வாங்கிப் பாருங்கோ. எங்களுக்குக் கலப்பை வந்தது, பிறகு குப்பை வாரி வந்தது. கோயிலில அப்பரின்ர கையில இருக்கிறதைப் படமெடுத்துக் காட்டினபிறகும் அது வேல் மாதிரித்தான் கீறினது.)

இந்த இடத்திலிருந்து ஏஐ எங்களுக்கு உண்மையிலேயே உதவி செய்தது, அதையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. எங்கட புதுக் கேள்விகளைக் குடுத்து "இதில என்ன பிழை, இரக்கம் பாக்காமல் சொல்லு" என்றோம். பதினாலு கேள்வியில ஒன்பதுக்குள்ள நாங்களே விடையை வைச்சிருக்கிறோம் என்று காட்டினது. ஆறு பேரின்ர கை அளவுகளையும் நாங்கள் அளந்து குடுக்க, பிடியின் விட்டத்தையும் சாய்வையும் மாத்தி மாத்தி வரைகிற பைதன் நிரல் ஒன்று எழுதித் தந்தது. எங்களுக்கு அது நாலு நாள் வேலை. தகட்டின்ர தடிப்பில நாங்கள் சென்ரிமீற்றரையும் மில்லிமீற்றரையும் மாறிப் போட்டதையும் அதுதான் பிடிச்சது. எண்ணாகக் குடுத்த வேலையை வடிவாகச் செய்தது. செய்தது சரியோ என்று எங்களால பார்க்கவும் முடிஞ்சுது. ஏஐ அக்காவின்ர கதையை நாங்கள் எதோட வைச்சுச் சரி பார்த்திருக்க ஏலும்?

தகட்டுக்கு அது சொன்னது துருப்பிடிக்காத உருக்கு. வரைபடத்தோட கொல்லரிட்டப் போனோம். ஐயா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்திட்டு, "இது மினுங்கும், செருக்காது" என்றார். பழைய லொறி வில்லுத் தகட்டில அடிச்சுத் தந்தார். கூலி வாங்கினார், வரைபடத்தைத் திருப்பித் தந்திட்டார்.

பிடியின் விட்டத்தில நாங்கள் நல்லாகக் கவனமெடுத்தம். பலமாகப் பிடிக்கிற கைக்கருவிக்கு 32 இலிருந்து 51 மில்லிமீற்றர் வரை நல்லது என்று அமெரிக்காவின்ர தொழிற்சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி சொல்லுது. அது ஆற்ற கையை வைச்சு அளந்ததோ, எங்கட ஆறு பேரின்ர கை சின்னன் என்று 30 ஆக்கினோம். டானியல்ஸ் கதையை இந்த முறை மறக்கேல்ல என்று எங்களுக்குக் கொஞ்சம் பெருமை.

இறுதி மதிப்பீட்டில ஏஐ அக்காவின்ர படத்தையும், "பெண். அதே. இல்லை. குழந்தை." அட்டவணையையும் அப்பிடியே போட்டுக் காட்டினோம். எது ஏஐ செய்தது, எது நாங்கள் செய்தது என்று ஒரு பக்கம் எழுதினோம். கக்கூஸ் விசயத்தையும் சொன்னோம். அது வடிவமைப்புப் பிரச்சினை இல்லை, சமூகப் பிரச்சினை என்று மதிப்பிட்டவர்களில ஒருவர் சொன்னார். நாங்கள் எதிர்த்துக் கதைச்சம், ஆனால் கையில தீர்வு ஒன்றும் இருக்கேல்ல. இண்டைக்கும் இல்லை. புள்ளி பரவாயில்லாமல் வந்தது.

புள்ளி வந்தபிறகு, ரெண்டு மாதம் கழிச்சு ஒருக்காப் போனோம். ஆறு உழவாரத்தில நாலு பாவனையில இருந்தது. ஒன்று அந்த அக்காவின்ர மகன் வேற எதுக்கோ கொண்டுபோயிட்டான். ஒன்று துலைஞ்சுபோச்சு. அம்மா தன்ர பிடிக்கு மேல பழைய சீலைத்துணி கிழிச்சு இறுக்கச் சுத்தியிருந்தா.

"ஏனம்மா, பிடி சரியில்லையோ?"

"மெல்லிசாக் கிடந்தது பிள்ளை. வேர்வைக்கு வழுக்குது."

அளந்து பார்த்தம். துணியோட 34 மில்லிமீற்றர்.